கொரியப் பனிச்சறுக்குத் தலத்துக்குக் குழந்தைகளுடன் செல்வது: எந்த இடம், எந்த மாதம்?

தெம்பனிஸ்வாசி கேட்கிறார்:

வணக்கம். சிங்கப்பூரில் வசிக்கும் நாங்கள் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு தென்கொரியாவுக்குச் செல்லவிருக்கிறோம். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5 வயது. வெயிலும் மழையும் தவிர வேறு பருவம் அறியாத பிள்ளைகள் என்பதால், சியோல் நகரைச் சுற்றிப் பார்ப்பதோடு நின்றுவிடாமல் பனிச்சறுக்குத் தலம் ஒன்றில் சில இரவுகளாவது தங்க வேண்டும் என்று இருவரும் பிடிவாதமாக இருக்கிறார்கள். எனக்கும் என் கணவருக்கும் பனிச்சறுக்கில் எந்தப் பழக்கமும் இல்லை. 68 வயதான என் மாமியாரும் உடன் வருகிறார். அவர் முழுச் சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை.

தேடிப் பார்த்தால் யோங்பியோங், ஆல்பென்சியா, ஃபீனிக்ஸ், ஹைவன், விவால்டி பார்க், எலீசியன் காங்சோன் என்று பெயர்கள் வரிசையாக வருகின்றனவே தவிர, எதை எதற்காகத் தேர்ந்தெடுப்பது என்று புரியவில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் போகலாமா, கிறிஸ்துமஸை ஒட்டிப் போகலாமா என்பதிலும் வீட்டில் ஒருமித்த கருத்து இல்லை. முதல் வாரத்தில் விமானக் கட்டணம் குறைவு என்கிறார் கணவர். 5 வயதுக் குழந்தைக்குச் சறுக்கப் பயிற்சி கொடுப்பார்களா, குளிரைப் பிள்ளைகள் தாங்குவார்களா, சறுக்காத மாமியார் அங்கே என்ன செய்வார், என்ன உண்பார் என்பவையும் என் கவலைகள். நேரில் சென்றவர்களும் அங்கே வசிப்பவர்களும் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

சுவோன் ஆய்வாளர் எழுதுகிறார்:

வணக்கம் அம்மா. பணி நிமித்தமாகக் கொரியாவில் குடும்பத்தோடு வசிக்கிறேன். குளிர்காலத்தில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காங்வோன் மாநிலத்து மலைகளுக்குச் செல்வது எங்கள் வழக்கம். இடத்தைப் பற்றிப் பேசும் முன் காலத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் பயணம் நன்றாக அமைவதும் அமையாததும் அதில்தான் இருக்கிறது.

கொரியாவின் குளிர்காலம் கடுமையானது என்றாலும் வறண்டது. சைபீரியாவிலிருந்து இறங்கும் உயரழுத்தக் காற்று குளிரைக் கொண்டுவருகிறதே தவிர ஈரத்தை அதிகம் கொண்டுவருவதில்லை. ஆகவே ஜப்பானின் ஹொக்கைடோவில் கொட்டுவதைப் போன்ற இயற்கைப் பனியை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. சறுக்குச் சரிவுகளில் நீங்கள் காணும் பனியில் பெரும்பகுதி, இரவில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கும்போது இயந்திரங்கள் நீரைத் தூவி உருவாக்குவதாகும். நவம்பர் இறுதியில் தலங்கள் திறந்துவிட்டதாக அறிவிப்பார்கள். ஆனால் அந்த நாள்களில் ஒன்றிரண்டு சரிவுகளில் மட்டுமே பனி விரிக்கப்பட்டிருக்கும், வந்தவர்கள் அனைவரும் அந்த ஒன்றிரண்டிலேயே குவிவார்கள், சுற்றியுள்ள மலையோ பழுப்பு நிறத்தில் மொட்டையாக நிற்கும். பனி விளையாட்டுத் திடல்களும் சறுக்குவண்டித் தளங்களும் பெரும்பாலும் அதற்குப் பிறகே திறக்கின்றன. பனியைக் காணவே வரும் உங்கள் பிள்ளைகளுக்கு டிசம்பர் முதல் வாரம் ஏமாற்றமாக முடியக்கூடும். விமானக் கட்டணத்தில் மிச்சமாகும் தொகை அதற்கு ஈடாகாது என்பது என் கருத்து.

மறுபக்கம், கிறிஸ்துமஸ் வாரத்தில் கொரியப் பள்ளிகள் பலவற்றுக்கும் விடுமுறை தொடங்குவதால் அறை வாடகை உயர்கிறது, சரிவின் மேலே ஏற்றிச் செல்லும் லிஃப்டுக்கான வரிசை நீள்கிறது. ஜனவரியும் சந்திரப் புத்தாண்டு விடுமுறையும் இதைவிட நெரிசலானவை, ஆயினும் அவை உங்களுக்குப் பொருந்தாது. எனவே டிசம்பர் 3ஆவது வாரத்தின் திங்கள் முதல் வியாழன் வரையிலான நாள்களை மலைக்கு ஒதுக்கி, வார இறுதியைச் சியோலில் கழிக்குமாறு பரிந்துரைக்கிறேன். வார நாளுக்கும் வார இறுதிக்கும் உள்ள வேறுபாடு இந்தத் தலங்களில் வேறெங்கும் காணாத அளவுக்குப் பெரியது.

இனி இடம். பியோங்சாங் மாவட்டத்தில் அருகருகே இருக்கும் யோங்பியோங்கும் ஆல்பென்சியாவும், சற்றே மேற்கில் இருக்கும் ஃபீனிக்ஸும் 2018 குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் நடந்த இடங்கள். 1975இல் திறக்கப்பட்ட யோங்பியோங்தான் நாட்டின் முதல் நவீனப் பனிச்சறுக்குத் தலம், பரப்பிலும் பெரியது. 1,458 மீட்டர் உயரமுள்ள பல்வாங்சான் சிகரம் வரை கோண்டோலா (மூடிய கூண்டுள்ள கம்பிவட ஊர்தி) செல்கிறது. அதில் சறுக்காதவர்களும் ஏறலாம்; மேலே கண்ணாடித் தரையுள்ள நடைமேடையும், பழமையான மரங்களுக்கு இடையே படிகள் இல்லாத மரப்பலகைப் பாதையும் இருக்கின்றன என்பதால் உங்கள் மாமியாருக்கு மிகவும் பொருத்தமான இடம் அதுவே. ஆல்பென்சியா சிறியது; தேர்ந்த சறுக்கு வீரர்கள் அதை ஏளனமாகப் பார்ப்பார்கள். ஆனால் விடுதியும் பயிற்சிச் சரிவும் உணவகங்களும் உட்கூரையுள்ள நீர்ப் பூங்காவும் நடக்கும் தொலைவிலேயே அமைந்திருப்பது, 5 வயதுக் குழந்தையோடு வருபவருக்குச் சரிவுகளின் எண்ணிக்கையைவிடப் பெரிய வசதி. குழந்தை திடீரென்று அழுதால் அறைக்குத் திரும்ப எத்தனை நிமிடம் ஆகும் என்பதே நான் எந்தத் தலத்தையும் மதிப்பிடும் முதல் அளவுகோல்.

ஃபீனிக்ஸ்தான் ஸ்னோபோர்ட் (ஒற்றைப் பலகைச் சறுக்கு), ஃப்ரீஸ்டைல் (சாகசச் சறுக்கு) போட்டிகள் நடந்த இடம். அங்கே மலையுச்சியிலிருந்தே தொடக்கநிலையினர் மெதுவாக இறங்கக்கூடிய நீண்ட பாதை உண்டு. குழந்தைகளுக்கான பனித் திடலும் நன்றாக இருக்கும். ஜங்சொன் மாவட்டத்தின் பழைய நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் எழுந்த ஹைவன் அழகிய மலை, அங்கும் உச்சியிலிருந்து இறங்கும் எளிய பாதை இருக்கிறது. ஆனால் சியோலிலிருந்து வெகு தொலைவு என்பதால் குறுகிய பயணத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். நாட்டிலேயே கொரியக் குடிமக்களும் நுழைய அனுமதியுள்ள ஒரே சூதாட்ட விடுதியும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது, பிள்ளைகளுக்கு அதனால் இடையூறு எதுவும் இல்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன்.

ஹோங்சோனில் உள்ள விவால்டி பார்க் சியோலுக்கு அருகில் இருப்பதாலேயே எப்போதும் நிரம்பி வழிகிறது. சுன்சோன் நகரத்தைச் சேர்ந்த எலீசியன் காங்சோனுக்குத் தனிச் சிறப்பு ஒன்று உண்டு: கியோங்சுன் புறநகர் இரயில் பாதையில் பெக்யாங்-ரி நிலையத்தில் இறங்கினால் தலத்தின் பேருந்து அழைத்துச் செல்கிறது. நகரப் போக்குவரத்து அட்டையைக் கொண்டே மலைக்குப் போய்விடலாம். ஒரே நாளில் சென்று திரும்ப வேண்டும் என்றால் அதையே தேர்ந்தெடுப்பேன்.

நீங்கள் இரவு தங்க விரும்புவதால், பியோங்சாங் செல்லும் அதிவேக இரயிலே சிறந்தது. 2017 டிசம்பரில் திறக்கப்பட்ட காங்னுங் பாதையில், சியோல் நிலையத்திலிருந்தோ சோங்யாங்னி நிலையத்திலிருந்தோ ஏறினால் சுமார் 1½ மணி நேரத்தில் ஜின்பு நிலையத்தை அடையலாம். யோங்பியோங்குக்கும் ஆல்பென்சியாவுக்கும் ஜின்புவில் இறங்க வேண்டும். ஃபீனிக்ஸுக்கு அதற்கு முந்தைய பியோங்சாங் நிலையம். ஒலிம்பிக் காலத்தில் இஞ்சியோன் விமான நிலையத்திலிருந்தே நேரடி இரயில் இருந்தது, அது 2018லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய பயணக் குறிப்புகளை நம்பி விமான நிலையத்தில் அந்த இரயிலைத் தேட வேண்டாம்.

நீலமலைத் தாய் எழுதுகிறார்:

இடத்தைப் பற்றி மேலே உள்ள சகோதரர் விரிவாக எழுதிவிட்டார். பிள்ளைகளின் உடை, பயிற்சி ஆகியவை குறித்து மட்டும் நான் எழுதுகிறேன், ஏனெனில் பெரும்பாலான குடும்பங்கள் செலவு செய்தும் சிரமப்படுவது இவற்றில்தான்.

5 வயதுக் குழந்தைக்குப் பயிற்சி கொடுப்பார்கள். பொதுவாக 4 அல்லது 5 வயதிலிருந்து ஏற்கிறார்கள். இடத்துக்கு இடம் வரம்பு மாறும். ஆனால் குழுப் பயிற்சி பெரும்பாலும் கொரிய மொழியிலேயே நடக்கும். ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர் வேண்டுமென்றால் புறப்படும் முன்பே பதிவு செய்தாக வேண்டும், கட்டணமும் கணிசமானது. என் ஆலோசனை, இரு பிள்ளைகளுக்குமாகச் சேர்த்து ஒரு பயிற்சியாளரை அமர்த்தாதீர்கள் என்பதே. 9 வயதுச் சிறுவன் ஒரு மணி நேரத்தில் சரிவில் இறங்கத் தொடங்கிவிடுவான். 5 வயதுக் குழந்தை அந்த நேரத்தில் காலணியின் கனத்தையே இன்னும் பழகிக்கொண்டிருக்கும். ஒருவருக்காக மற்றவர் காத்திருப்பதில் இருவரின் மகிழ்ச்சியும் கெடும். மகனுக்கு முறையான பயிற்சி, மகளுக்குக் குறுகிய நேரப் பயிற்சியும் மீதி நேரம் சறுக்குவண்டியும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் சறுக்குவண்டியில் உட்கார்ந்து இறங்குவதற்கு எந்தப் பயிற்சியும் தேவையில்லை. தானாக நகரும் பட்டையிலேயே நின்று மேலே போய்விடலாம் என்பதால் பிள்ளைகள் களைப்பதும் இல்லை. உண்மையைச் சொன்னால், அந்த வயதில் நினைவில் நிற்பது அதுதான்.

பயிற்சியில் முதலில் கற்றுத்தருவது நிற்பதற்கான முறை. பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகட்டி, ஆங்கில எழுத்து ‘ஏ’ போன்ற வடிவில் வைத்தால் வேகம் குறையும். கொரியப் பயிற்சியாளர்கள் சரிவெங்கும் “ஏ-ஜா, ஏ-ஜா” என்று குரல் கொடுப்பது இதைத்தான். ஊரிலேயே வீட்டுத் தரையில் காலுறையோடு நின்று இந்த நிலையைப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுங்கள். மொழி புரியாத பயிற்சியாளர் வாய்த்தாலும் இந்த ஒரு சொல் புரிந்தால் பாதிப் பாடம் முடிந்துவிடும். ஸ்னோபோர்ட் கேட்டு மகன் அடம்பிடிக்கலாம். முதல் முறை வேண்டாம். இரு கால்களும் ஒரே பலகையில் கட்டப்பட்டிருப்பதால் புதியவர்கள் கையை ஊன்றியே விழுகிறார்கள், மணிக்கட்டு முறிவது அதில் சாதாரணம்.

உடை விஷயத்தில் ஒன்றை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: உடலை ஒட்டிய உடை பருத்தியாக இருக்கக் கூடாது. நம் பிள்ளைகள் குளிரிலும் வியர்ப்பார்கள். வியர்வையை உறிஞ்சிய பருத்தி உலராமல் உடலோடு ஒட்டிக்கொண்டு, ஓட்டம் நின்றதும் குளிரை உள்ளே இழுக்கும். மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, அதன்மேல் ஃப்ளீஸ் எனும் மென்மையான செயற்கைக் கம்பளி, அதன்மேல் நீர்புகா மேலுடை என்ற வரிசை போதுமானது. தடித்த மேலுடையையும் கால்சட்டையையும் நீங்கள் வாங்கவே வேண்டாம், சறுக்குப் பலகையோடு அவற்றையும் வாடகைக்குத் தருகிறார்கள். ஆனால் கையுறை, பனிக்கண்ணாடி, கழுத்துறை ஆகியவற்றைச் சொந்தமாக வாங்கிச் செல்லுங்கள். பலர் பயன்படுத்திய கையுறை ஈரமாக இருந்தால் அன்றைய நாள் அத்தோடு முடிந்தது. சிறுமிக்கு ஐந்து விரல் கையுறையைவிட விரல்கள் ஒன்றாக இருக்கும் கையுறையே வெப்பத்தைக் காக்கும், மாட்டுவதற்கும் எளிது. சறுக்குக் காலணிக்குள் ஒரே ஒரு நீண்ட மெல்லிய காலுறை போதும். இரண்டு மூன்று அணிவித்தால் இறுக்கத்தால் இரத்த ஓட்டம் குறைந்து, அதிகமாக விறைக்கும். காலணி அளவை மில்லிமீட்டரில் கேட்பார்கள், ஆகவே பிள்ளைகளின் பாத நீளத்தை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கவசத்தைப் பல உள்ளூர்ப் பெரியவர்கள் அணிவதில்லை, அதைப் பார்த்து நீங்களும் விட்டுவிடாதீர்கள்.

வாடகைக் கடைகள் தலத்துக்குள்ளும் உண்டு, தலத்துக்குச் செல்லும் சாலை நெடுகிலும் உண்டு. வெளியே உள்ளவை மலிவு. லிஃப்ட் சீட்டையும் தள்ளுபடியில் தருவதோடு, பலவும் தங்குமிடத்திலிருந்து வண்டியில் அழைத்துச் செல்கின்றன. எனினும் சிறு குழந்தையோடு வருபவருக்கு உள்ளேயே எடுப்பது நல்லது. காலணி கடித்தால் உடனே மாற்றிக்கொள்ள முடிவது பெரிய நிம்மதி.

கணக்குப்பிள்ளை எழுதுகிறார்:

நான் சற்று மாறுபட்ட கருத்தை முன்வைக்கிறேன். சறுக்கத் தெரியாத இரு பெரியவர்கள், சறுக்க முடியாத ஒரு மூத்தவர், ஒரு மணி நேரத்தில் களைத்துவிடும் ஒரு குழந்தை. இந்தக் குடும்பத்தில் உண்மையில் சறுக்கப் போவது ஒரே ஒரு சிறுவன். அவனுக்காக நான்கு பேருக்கு லிஃப்ட் சீட்டு, பலகை, உடை, தலைக்கவசம், பெட்டக வாடகை, பயிற்சிக் கட்டணம், மலைமேல் அறை வாடகை, போக வர இரயில் கட்டணம் என்று கூட்டிப் பாருங்கள். சியோலின் ஹான் ஆற்றங்கரையில் உள்ள துக்சொம் பூங்காவில் குளிர்காலத்தில் பனிச் சறுக்குவண்டித் தளம் அமைக்கிறார்கள். கட்டணம் மிகவும் குறைவு, சுரங்க இரயிலில் இறங்கி நடந்தே போகலாம். நகர மன்றத்துக்கு எதிரே பனிக்கட்டிச் சறுக்குத் தளமும் அமைக்கப்படுகிறது. யோங்கின் நகரின் எவர்லேண்ட் பூங்காவிலும் பனிச் சறுக்குவண்டி உண்டு. பிள்ளைகள் பனியைத் தொட்டு, உருட்டி, எறிந்து விளையாடுவதுதான் நோக்கம் என்றால் அதற்கு மலை ஏற வேண்டியதில்லை.

சியோலிலிருந்து ஒரு நாள் சுற்றுலாப் பேருந்துகளும் புறப்படுகின்றன, மலிவாகவும் தோன்றும். நான் சென்ற ஒன்றில் பேருந்து பயணிகளைக் கூட்டுவதிலும், வழியில் உடைக் கடையில் நிற்பதிலும், உணவுக்கு நிறுத்துவதிலும் காலம் போய், பனியில் நின்ற நேரம் சொற்பமே. எனவே மலைக்குப் போவதாக இருந்தால் தங்குங்கள், இல்லையென்றால் நகரத்திலேயே இருந்துவிடுங்கள். இடைப்பட்ட வழி வேண்டாம்.

சுவோன் ஆய்வாளர் எழுதுகிறார்:

கணக்குப்பிள்ளை ஐயாவின் கணக்கில் பிழையில்லை. ஆனால் ஆற்றங்கரைத் தளமும் நகர மன்றப் பனிக்கட்டித் தளமும் பெரும்பாலும் டிசம்பரின் பிற்பகுதியில்தான் திறக்கின்றன, பருவநிலையைப் பொறுத்துத் தள்ளியும் போகும். 3ஆவது வாரத்தை மட்டும் நம்பி வரும் குடும்பம் அவற்றை அடிப்படையாக வைத்துத் திட்டமிட முடியாது. மேலும், அங்கே கட்டடங்களுக்கு நடுவே ஒரு பனிப்பட்டை மட்டும்தான் கிடைக்கும்.

செலவைக் குறைக்க வழி இருக்கிறது. எல்லாருக்கும் லிஃப்ட் சீட்டு வாங்க வேண்டிய கட்டாயமே இல்லை. தொடக்கநிலைப் பயிற்சியின் முதல் பகுதி லிஃப்ட் இல்லாத சமதளத்தில்தான் நடக்கிறது. சீட்டுகள் முழு நாளுக்கு மட்டுமின்றி, காலை, பிற்பகல், இரவு என்று பகுதிகளாகவோ சில மணி நேரங்களுக்காகவோ விற்கப்படுகின்றன. பிள்ளைகளுக்குக் காலை நேரச் சீட்டு போதும். திறந்தவுடன் சரிவுக்குப் போய், நண்பகலுக்கு முன் திரும்பிவிடுங்கள். மாலையில் இயந்திரங்களைக் கொண்டு பனியைச் சமன்படுத்துவதற்காகச் சரிவுகளைச் சில மணி நேரம் மூடுவார்கள், அதன் பிறகு விளக்கொளியில் இரவுச் சறுக்கு தொடங்கும். பார்க்க அழகானது, ஆனால் பகலில் இளகிய பனி இரவில் கட்டியாக இறுகி வழுக்கும், குளிரும் பலமடங்கு கூடும். புதியவர்களுக்கு அது ஏற்றதன்று.

தெம்பனிஸ்வாசி எழுதுகிறார்:

இவ்வளவு விளக்கமாக எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கணவரிடம் காட்டினேன், டிசம்பர் 3ஆவது வாரம், மலையில் 3 இரவுகள், ஆல்பென்சியா அல்லது யோங்பியோங் என்ற அளவுக்கு முடிவு செய்திருக்கிறோம். மாமியாரின் உணவு மட்டும் இன்னும் கவலையாகவே இருக்கிறது. இட்லி மாவை எடுத்துப் போக முடியுமா என்று அவரே கேட்கிறார். விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் யாராவது சொல்ல முடியுமா?

சுன்சோன் மருமகள் எழுதுகிறார்:

கொரியக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். இன்றும் வீட்டில் சைவமே சமைக்கிறேன் என்பதால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இட்லி மாவை மறந்துவிடச் சொல்லுங்கள், ஆனால் அடுப்பை மறக்க வேண்டாம். கொரியத் தலங்களில் விடுதி அறை என்று ஒன்றும், ‘கோண்டோ’ என்று ஒன்றும் இருக்கும். கோண்டோ வகையில் சிறு சமையலறையும் பாத்திரங்களும் குளிர்பதனப் பெட்டியும், பல இடங்களில் சோறு வடிக்கும் மின்குக்கரும் இருக்கும். முன்பதிவின்போது சமைக்க அனுமதியுள்ள அறையா என்பதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள், தோற்றத்தில் ஒன்றாக இருந்தும் சில அறைகளில் அடுப்பை அகற்றிவிடுகிறார்கள். வளாகத்துக் கடையில் நுண்ணலை அடுப்பில் இரண்டு நிமிடம் வைத்தால் தயாராகும் சோறு, தயிர், டோஃபு, காய்கறி, பழம் எல்லாம் கிடைக்கும். பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும் ஊறுகாயும் இரசப்பொடியும் பையில் இருந்தால் மூன்று இரவுகள் ஓடிவிடும். இறைச்சி கலந்த உணவை மட்டும் யாரும் பெட்டியில் வைக்க வேண்டாம். கால்நடை நோய்த் தடுப்புக்காகக் கொரியச் சுங்கத்துறை இதில் மிகவும் கண்டிப்பானது, அறிவிக்காமல் கொண்டுவந்தால் அபராதம் பெருந்தொகை.

வெளியே உண்பதில் எச்சரிக்கை தேவை. “இறைச்சி இல்லை” என்று சொல்லித் தரும் சூப்பிலும் நெத்திலிக் கருவாட்டுச் சாறு இருக்கும், கிம்ச்சி எனும் காய்கறி ஊறுகாயில் பெரும்பாலும் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ சேர்ந்திருக்கும். சரிவின் அடிவாரத்தில் பிள்ளைகளை இழுக்கும் ஓதெங் மீன் மாவால் ஆனது. அதே தட்டில் கிடக்கும் தொக்பொக்கி எனும் கார அரிசிமாவுக் கட்டிகளிலும் அந்த மீன் பட்டைகள் கலந்திருக்கும். இறைச்சியும் முட்டையும் இல்லாத பிபிம்பாப் (காய்கறி கலந்த சோறு) கேட்டால் செய்து தருவார்கள். காங்வோன் மலைநாடு உருளைக்கிழங்குக்குப் பெயர்போனது. துருவிய கிழங்கில் சுடும் காம்ஜாஜொன் அடையை மாமியார் விரும்பக்கூடும், மாவில் வேறு எதுவும் சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். வோல்ஜொங்சா என்ற பழைய பௌத்த மடாலயமும் ஜின்பு வட்டாரத்திலேயே ஓதேசான் மலையில் இருக்கிறது. அதன் வாயிலுக்குச் செல்லும் தேவதாரு மரப் பாதை சமதளம், பனி படிந்திருக்கும்போது நடப்பதற்குச் சுகமானது. மடாலயங்களை ஒட்டிய உணவகங்களில் மலைக்கீரைக் குழம்புகளும் கீரைப் பிரட்டல்களும் கிடைக்கும்.

இன்னொன்று: அறையில் கட்டில் வகை, தரைவகை என்று தேர்வு கேட்பார்கள். தரைவகையில் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய்கள் ஓடுவதால் தரையே இளஞ்சூடாக இருக்கும். மெத்தைகளை விரித்து ஐவரும் ஒரே அறையில் படுக்கலாம், பிள்ளை கட்டிலிலிருந்து விழும் அச்சமும் இல்லை. நனைந்த கையுறையும் காலுறையும் அந்தத் தரையில் பரப்பிவைத்தால் விடிவதற்குள் உலர்ந்துவிடும். காற்று மிகவும் வறண்டுபோவதால், இரவில் ஈரத் துண்டு ஒன்றை அறையில் தொங்கவிடுங்கள். இல்லையென்றால் சின்னவளுக்கு மூக்கில் இரத்தம் வரலாம்.

முதியவருக்கு வழுக்காத அடிப்பகுதியுள்ள காலணி அவசியம். சரிவில் சறுக்கும் பிள்ளைகளைவிட, வாகன நிறுத்துமிடத்தில் நடக்கும் பாட்டிமாருக்கே ஆபத்து அதிகம்.

சுவோன் ஆய்வாளர் எழுதுகிறார்:

விபத்து குறித்த கேள்விக்கு என் பதில். ஒவ்வொரு தலத்திலும் மீட்புக் குழுவினர் சரிவுகளில் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். யாரேனும் விழுந்து எழ முடியாமல் போனால், அவரைத் தூக்க முயலாமல், சற்று மேலே பலகைகளைக் குறுக்காக நட்டு, வருபவர்களுக்கு அடையாளம் காட்டிவிட்டு உதவிக்குக் காத்திருங்கள். வளாகத்துக்கு வெளியே மருத்துவ உதவி ஊர்தியும் தீயணைப்பும் 119 என்ற ஒரே எண்ணில் கிடைக்கும். 1330 என்ற சுற்றுலா உதவி எண்ணில் ஆங்கிலத்தில் பேசலாம். மருத்துவமனையிலோ வாடகைக் கடையிலோ மொழி புரியாமல் நின்றால் அவர்களையே மொழிபெயர்க்கச் சொல்லலாம்.

பயணக் காப்பீட்டை வாங்கும் முன் பனிச்சறுக்கு அதில் அடங்குமா என்பதை வாசித்துப் பாருங்கள். பல திட்டங்களில் அது விலக்கப்பட்டோ, கூடுதல் கட்டணத்தின் பேரில் சேர்க்கப்பட்டோ இருக்கும். சேர்க்கப்பட்டிருந்தாலும் குறிக்கப்பட்ட சரிவுக்கு வெளியே நேர்ந்த விபத்துக்குத் தொகை தர மாட்டார்கள். பிறர்மீது மோதிக் காயப்படுத்தினால் எழும் பொறுப்பும் அடங்குமா என்பதையும் கேளுங்கள், நெரிசலான சரிவுகளில் அத்தகைய மோதல்கள் அரிதல்ல.

மகனுக்குச் சரிவின் முதல் விதியைப் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள்: கீழே இருப்பவருக்கே முன்னுரிமை, மேலிருந்து வருபவர்தான் விலகிச் செல்ல வேண்டும். நடுச்சரிவில் நிற்காமல் ஓரத்தில் நிற்க வேண்டும் என்பது அடுத்தது. லிஃப்டில் ஏறியதும் பாதுகாப்புத் தண்டை இறக்கிவிட வேண்டும். 5 வயதுக் குழந்தை பெரியவர் இல்லாமல் அதில் ஏறக் கூடாது.

இறுதியாக ஒன்று. இரயில் சீட்டுகள் பயண நாளுக்கு ஒரு மாதம் முன்பு விற்பனைக்கு வரும். ஐந்து இருக்கைகள் அருகருகே வேண்டும் என்பதால் திறந்த அன்றே பதிவு செய்யுங்கள். 6 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம், எனவே மகனுக்குச் சிறுவர் சீட்டு எடுக்க வேண்டும். ஜின்பு நிலையத்திலிருந்து தலத்துக்குச் செல்லும் பேருந்தின் நேர அட்டவணையைத் தங்குமிடத்தாரிடம் கேட்டுப் பெற்று, அதற்குப் பொருந்தும் இரயிலைத் தேர்ந்தெடுங்கள். பேருந்து தவறினால் வாடகை வண்டி கிடைக்கும், ஆனால் ஐவரும் பெட்டிகளும் ஒரே வண்டியில் அடங்க மாட்டீர்கள். கூகுள் வரைபடத்தைவிடக் கொரியாவில் நன்றாக வழிகாட்டுவது உள்ளூர்ச் செயலியான நேவர் வரைபடம் என்பதால் அதைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கடுங்குளிரில் கைப்பேசி மின்கலம் வெகு விரைவில் இறங்கிவிடும், அதைச் சட்டையின் உட்பையில் வைத்திருப்பது நல்லது.